பனியில்லாத ஹாக்கி: சக்கரம் பிடிப்பதும் வட்டு வழுக்குவதும்

கோடையில் ஐஸ் ஹாக்கி அரங்குகள் சும்மா கிடக்கும். அங்கே பிளாஸ்டிக் தரையை விரித்து, ஒரே வரிசையில் சக்கரம் வைத்த இன்லைன் ஸ்கேட்டுடன் ஆடவிட்டால் என்ன? அமெரிக்காவில் டென்னிஸ் மர்ஃபியும் கூட்டாளிகளும் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் 1993-இல் ‘ரோலர் ஹாக்கி இன்டர்நேஷனல்’ என்ற தொழில்முறை லீக்கை 12 அணிகளுடன் தொடங்கினார்கள். முதல் கோப்பை அனாஹெய்ம் புல்ஃப்ராக்ஸுக்கு. மறு ஆண்டே அணிகள் 24 ஆயின. 1998-இல் ஆட்டமே நடக்கவில்லை. 1999-இல் செயின்ட் லூயிஸ் வைப்பர்ஸ் வென்றதோடு கதை முடிந்தது. (1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக நடந்த ரோலர் ஹாக்கி வேறு. அது நாற்சக்கர ஸ்கேட்டில், பந்தை வைத்து ஆடுவது.)

பனியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு வந்ததும் முதலில் மாறுவது பிரேக். பனியில் ஓடுபவர் பிளேடைக் குறுக்கே திருப்பினால் அது பனியைச் சீவிக்கொண்டே நின்றுவிடும். சக்கரத்தைக் குறுக்கே திருப்பினால் அதன் யூரித்தேன் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) தரையைக் கவ்விக்கொள்ளும். உடல் மட்டும் முன்னே போகும், ஆள் குப்புற விழுவார். முழங்காலை நன்றாக மடக்கி, ஒரு காலைச் சாய்வாக நீட்டி, சக்கரத்தைத் தேய்த்து நிற்கும் வித்தை உண்டு. ஆனால் பலரும் ஒரு காலை முன்னே வைத்து அரைவட்டம் அடித்தே வேகத்தைக் குறைக்கிறார்கள். சட்டென்று நின்று சட்டென்று கிளம்புவது சக்கரத்தில் அவ்வளவு செலவு பிடிக்கும். ஐஸ் ஹாக்கியில் எதிரணிப் பக்கத்து நீலக் கோட்டை வட்டுக்கு முன்னால் தாண்டக் கூடாது; அந்த லீக்கில் நீலக் கோடுகளே இல்லை. கோல்காப்பாளரைத் தவிர அணிக்கு நான்கே பேர். கோட்டருகே பிரேக் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, சுற்றி வர இடமும் உண்டு. சக்கரத்துக்கு ஏற்ற விதிகள் என்றே சொல்ல வேண்டும்.

சக்கரத்தின் கடினத்தை 72A, 76A, 84A என்று குறிப்பார்கள். எண் குறையக் குறைய மென்மை கூடும். மென்மையான சக்கரம் எடையில் சற்றுத் தட்டையாகி, தரையின் நுண்ணிய மேடு பள்ளத்தில் அழுந்திப் பிடிக்கும். அதற்கு விலையும் உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீளும்போது ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும், வேகம் குறையும். கனமானவர் ஏறினால் நசுங்கல் இன்னும் அதிகம். ஆகவே பிளாஸ்டிக் தரையில் 65 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கு 72A–74A, நடுத்தர எடைக்கு 76A, 82 கிலோவைத் தாண்டினால் 78A என்பது பொதுவான கணக்கு. வெளியே சிமெண்டுத் தரையென்றால் 82A–84A. உள்ளரங்கச் சக்கரத்தோடு சிமெண்டில் இறங்கினால் அது பிய்ந்து துண்டு துண்டாக உதிரும். சிமெண்டுக்கான சக்கரத்தோடு உள்ளே வந்தால் முதல் வளைவிலேயே கால் வாரிவிடும்.

உந்துவது உள்விளிம்பால் என்பதால் தேய்வதும் அங்கேதான். இடது ஸ்கேட்டின் சக்கரத்தை வலதுக்கு மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே பார்க்கும்படி பூட்டினால் ஆயுள் நீளும். முன்னிரண்டு 76 மி.மீ., பின்னிரண்டு 80 மி.மீ. என்று சக்கரங்களைப் பூட்டும் ‘ஹை-லோ’ வகைச் சட்டத்தில் முன்பின் மாற்றக் கூடாது.

பேரிங் 608 வகை: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. சக்கரத்துக்கு இரண்டு, ஜோடி ஸ்கேட்டுக்கு 16. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு குழாய் இருக்கும். அதைப் போட மறந்துவிட்டு ஆக்ஸிலை முறுக்கினால் உள்வளையங்கள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, சக்கரம் விரலால் சுண்டிய உடனே நின்றுவிடும். பலர் இதைப் பேரிங் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்குகிறார்கள். தண்ணீரில் கழுவினால்தான் பேரிங் நிஜமாகவே போகும்: துரு பிடிக்கும்.

பக் எனப்படும் வட்டின் கதை நேர் எதிர். சக்கரம் பிடிக்க வேண்டும், வட்டு வழுக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே தரை. ஐஸ் ஹாக்கி வட்டு 156–170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர்; அதைப் பிளாஸ்டிக்கில் விட்டால் உராய்வு பிடித்து நிறுத்திவிடும். ஆகவே இங்கே வட்டு இலேசானது. அதன் இரு முகங்களிலும் வழுவழுப்பான பிளாஸ்டிக் குமிழ்கள் சற்றே துருத்திக்கொண்டிருக்கும். தரையைத் தொடுவது அவை மட்டுமே. குமிழ் தேய்ந்து உடல் தரையில் பட்டால் வட்டு மந்தமாகிவிடும். ஒரு குமிழ் மட்டும் தரைத் துண்டுகளின் இணைப்பில் தட்டினாலோ, வட்டு எழும்பி விளிம்பில் உருள ஆரம்பிக்கும். அப்படி உருளும் வட்டை மட்டையால் அடக்குவது பெரும்பாடு.

அந்த இணைப்புகளைக் கவனிப்பது தரை போடுபவர் பொறுப்பு. ஒன்றோடொன்று கொக்கியில் மாட்டும் சதுரத் துண்டுகள் பாலிப்ராப்பிலீனால் ஆனவை. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மீட்டருக்குச் சுமார் 0.1 மி.மீ. விரியும் பிளாஸ்டிக் அது. 60 மீட்டர் நீளத் தரையில் 10 டிகிரி ஏறினால் 6 செ.மீ. கொக்கிகளின் தளர்வு அதில் கொஞ்சத்தை விழுங்கும்; மீதிக்குப் பக்கப் பலகையை ஒட்டி இடைவெளி விட வேண்டும். விடாமல் முட்டக் கொடுத்துப் பதித்தால், மதிய வெயிலில் கூரை காயும்போது தரை நடுவில் புடைத்துக்கொண்டு எழும்.