சத்தியக்கடதாசியின் முதல் வரி

கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் படிகளில் சட்டத்தரணியாக 19 வருடமாக ஏறி இறங்குகிறேன். நீதிமன்றத்துக்குக் கொடுக்க எழுதிய சத்தியக்கடதாசிகளுக்கு (affidavit) கணக்கில்லை. எல்லாவற்றிலும் முதல் வரியில் பெயர், முகவரியோடு மதமும் வந்துவிடும். இந்து, பௌத்தர், முஸ்லிம் என்றால் பயபக்தியுடனும் உண்மையாகவும் உறுதியுரைப்பதாக எழுதுவோம். கிறிஸ்தவர் என்றால் சத்தியம் செய்வதாக எழுதுவோம். சமாதான நீதவான் முன்னால் ஒப்பம் வைக்கிற அவசரத்தில் அந்த வரியை யாரும் நின்று வாசிப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் மட்டக்குளியிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஆர்ப்பாட்டம் ஒன்றிலிருந்து திரும்பிய மகனைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போய் அடித்திருந்தார்கள். கன்னத்தில் இரண்டு அறை, முதுகில் ஒரு உதை. மகன் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். கூட வந்த மாமாவுக்கு அது போதவில்லை. “கொஞ்சம் கூட்டி எழுதுங்க மிஸ். இரும்புக் கம்பியால அடிச்சதா போடுங்க. அவங்க செய்யாததா?”

என் பேனை ஒரு கணம் தயங்கியது உண்மை. எத்தனையோ பேருக்குக் கம்பியாலும் விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்குள் அந்த அம்மா சொன்னார்: “சத்தியக்கடதாசின்னு பேர வச்சிட்டு அதுல பொய் எழுத ஏலுமா மிஸ்? நடந்தத மட்டும் எழுதுங்க. அறையுறதும் பிழைதானே.”

இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அடி விழுந்திருந்தால் உடனே சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். அப்புறம் முக்கியமானது: நீதிமன்றம் மனுதாரரிடம் முழு உண்மையை எதிர்பார்க்கிறது. முக்கியமான ஒரு விடயத்தை மறைத்ததற்காகவே தள்ளுபடியான மனுக்கள் உண்டு. கம்பி என்று எழுதியிருந்தால் வைத்திய அறிக்கை எங்களையே பொய்யராக்கியிருக்கும். அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. கும்பிடுகிற தெய்வத்துக்கு முன்னால் பொய் சொல்லக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

“அரசியலுக்குள் ஆன்மீகம் எதற்கு அக்கா? மதம் கலந்துதானே இந்த நாடு இப்படி ஆனது?” என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது மதத்தின் பெயர்தான் முன்னால் வந்தது. ஆனால் நான் ஆன்மீகம் என்று சொல்வது அந்த அம்மா என் மேசைக்கு முன்னால் செய்த காரியத்தை. தன் பிள்ளைக்காகக்கூடப் பொய்யைத் தொடமாட்டேன் என்று நின்றாரே, அதை.

காலிமுகத்திடலில் நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடம்தான் இன்றைய ஜனாதிபதி செயலகம். 1956 ஜூன் 5ஆம் திகதி, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம் வந்த நாளில், தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் கட்சியினரும் அந்தத் திடலில்தான் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் வந்து அடித்தது. திருப்பி அடிக்கவில்லை. அக்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் போனார். செல்வநாயகம் கிறிஸ்தவர், அவரோடு நின்றவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். இதை நாங்கள் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும்.

12 வருடம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் இன்னொரு சத்தியாக்கிரகம் நடந்தது. இருந்தவர்களும் தமிழர்கள், உள்ளே விடாமல் மறித்தவர்களும் தமிழர்கள். சாதியின் பெயரால் ஒதுக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் சாமி கும்பிட உள்ளே விடுங்கள் என்று கேட்டு வாசலில் உட்கார வேண்டியிருந்தது. முதல் கதையைச் சொல்லி இரண்டாவதை விழுங்கிவிடுகிற மேடைகளில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. முக்கியமான விடயத்தை மறைத்தால் மனு தள்ளுபடியாகும் என்று சொன்னேனே, ஓர் இனத்தின் நியாயத்துக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

2022இல், பொருளாதார நெருக்கடியின்போது, ஜனாதிபதி பதவி விலக வேண்டும் என்று கேட்டு, காலிமுகத்திடலில் அதே கட்டடத்தின் முன்னால் சனம் மறுபடி உட்கார்ந்தது. ஏப்ரல் 9இல் தொடங்கியது. நோன்பு காலத்தில் அங்கே இப்தார் நடந்தது. மே 18 அன்று அதே இடத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். வரிசையில் என் பக்கத்தில் நின்ற சிங்களப் பெண்ணொருவர், இது ஏன் இவ்வளவு தண்ணியாக இருக்கிறது என்று கேட்டார். 2009இல் போரின் கடைசிக் காலத்தில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய சனத்துக்கு அரிசியும் தண்ணீரும்தான் மிஞ்சியது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைக் கீழே வைக்காமல் முழுவதும் குடித்தார். அன்றைக்குக் கேட்ட பேச்சு எதுவும் நினைவில் இல்லை, இதுதான் நிற்கிறது.

பொரளை கனத்தை மயானத்து வேலியையும் சொல்ல வேண்டும். கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாகத் தகனம் செய்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் கேட்கவில்லை. 2020 டிசெம்பரில், பெற்றோர் சம்மதிக்காத நிலையில், 20 நாள் குழந்தையொன்றையும் அங்கே எரித்தார்கள். அதற்குப் பிறகு சனம் வந்து வேலியில் வெள்ளைத் துணி கட்டியது. முஸ்லிம்கள் உடலைச் சுற்றி அடக்கம் செய்யும் கபன் துணியின் அடையாளம். கட்டியவர்களில் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் இருந்தார்கள். அதிகாரிகள் கழற்ற, மறுபடி வந்து கட்டினார்கள். அடக்கம் செய்ய அனுமதி வந்தது 2021 பெப்ரவரி கடைசியில்தான். தன் வீட்டுச் சாவு இல்லாத ஒருவர் இரண்டு முழத் துணியோடு பஸ் ஏறிப் பொரளைக்கு வந்தாரே, அந்தப் பயணத்துக்குப் பிரார்த்தனையின் பெறுமதி உண்டு என்று நம்புகிறேன்.

சரி, எச்சரிக்கையாக ஒன்று. ஆன்மீகத்தின் பெயரால் நடக்கிற கொடுமைகளில் அமைதியானது, பாதிக்கப்பட்டவரிடம் “பொறுத்துக்கொள்ளுங்கள்” என்பது. கொழும்பில் நடந்த சர்வமதக் கூட்டம் ஒன்றுக்கு, மகனைக் காணாமல் தேடும் தாயொருவர் வன்னியிலிருந்து வந்திருந்தார். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி முதல் உறவுகளைத் தேடிப் போராடும் தாய்மாரைப் பற்றி அங்கே பேச்சு வந்தது. மேடையில் இருந்த மதப் பெரியவர் ஒருவர், மன்னித்தால்தான் மனம் ஆறும் என்றார். அந்தத் தாய் எழும்பிக் கேட்டார்: “ஆரை மன்னிக்கிறது ஐயா? பேரைச் சொல்லுங்கோ, மன்னிக்கிறன்.” சபை வாயடைத்துப் போனது. உண்மை வெளிவருமுன் மன்னிப்பைக் கேட்பது குற்றவாளிக்குச் செய்யும் உபகாரம். சமாதான வேலையில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

தேர்தல் காலத்துக்கும் ஒரு வார்த்தை. தெய்வ குற்றம் வரும், ஆன்மீகத் தீங்கு நேரும் என்று மிரட்டி வாக்குக் கேட்பது 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டப்படி குற்றம். கோயில் கூட்டத்தில் அப்படி யாராவது பேசினால் திகதியோடு எழுதிவைத்து முறையிடலாம்.

இந்த வேலையில் கோபம் சேரும், எனக்கும்தான். அதற்காக என் அலுவலகத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: எதிர்மனுதாரரான பொலிஸ்காரரை எங்களுக்குள் பேசும்போதும் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவது. பட்டப்பெயர் கிடையாது, வசை கிடையாது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் கிழமை இது கஷ்டமாக இருக்கும். ஆனால் ஒருவரைப் பெயரோடு நினைத்துக்கொண்டு எழுதும்போது அவர் செய்ததை மட்டும் எழுத முடிகிறது.

மட்டக்குளி அம்மாவின் மகனது மனுவில் அடியைப் பற்றி மூன்று வரிதான் இருந்தது. வழக்கு இன்னும் தவணையில் நிற்கிறது. அன்றிலிருந்து, ஒப்பம் வைக்குமுன் முதல் வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்கிறேன். போன வாரம் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஐந்தாம் பந்தியில் இருந்த திகதி சரியில்லை, திருத்த வேண்டும் என்றார்.