13 பாயிண்ட் லீடுல இருந்த டீம் செகண்ட் ஹாஃப்ல ஏன் சரிஞ்சுது?

போன டிசம்பர்ல ஏற்காட்டுல ஆடுன அந்த பாஸ்கெட்பால் மேட்ச்சோட ஸ்கோர் ஷீட் இன்னும் என் பேக்லயேதான் இருக்கு. ஒரு பக்கம் சேலத்துல இருந்து போன எங்க காலேஜ் டீம், இன்னொரு பக்கம் மலையிலயே இருக்கற பசங்களோட கிளப் டீம். ஹாஃப் டைம்ல நாங்க 44, அவங்க 31. மூணாவது குவார்ட்டர் முடியறப்ப நாங்க 51, அவங்க 55. கடைசில 63க்கு 75னு தோத்துட்டு வந்தோம். அதாவது முதல் பாதில 44 போட்ட அதே பசங்க மூணாவது குவார்ட்டர் பத்து நிமிஷத்துல வெறும் 7.

கீழ இறங்கி வர்றப்ப பஸ்ல எல்லாரும் ஒரே பேச்சு. லீடு வந்ததும் மெதப்பாயிட்டானுங்க, நெஞ்சுல தெம்பு இல்ல, ஜெயிக்கணும்ங்கற வெறி இல்ல. எங்க பாயிண்ட் கார்டு பையன், பந்த மேல கொண்டு போய் ஆட்டத்த நடத்தறவன், தலைய ஜன்னல்ல சாச்சுக்கிட்டு வந்தான், அடிவாரம் தாண்டுனப்பறம் மெதுவா எங்கிட்ட மட்டும் சொன்னான், "அண்ணா, நான் ஓடணும்னுதான் நெனச்சேன், கால் வரலண்ணா."

எனக்கு அந்த வார்த்த மனசுல நின்னுருச்சு. ஏன்னா அவன் சாக்கு சொல்லல, உடம்புக்குள்ள நடந்தத அப்படியே சொல்லியிருக்கான். நான் இந்த டீமுக்கு ஸ்டாட்ஸ் எழுதறவன், முன்னாடி ஆடுனவனும்கூட, அதனால அந்த ஷீட்ட வெச்சுக்கிட்டு அவன் கால் ஏன் வரலன்னு ஒவ்வொண்ணா பாத்தேன்.

பாஸ்கெட்பால பாக்கறவங்களுக்கு அது ஓட்டம் மாதிரி தெரியும், ஆனா அது ஓட்டமே இல்ல, வெட்டி வெட்டி நிக்கற வேலை. 1995ல ஆஸ்திரேலியாவுல ஆட்டக்காரங்கள வீடியோ எடுத்து எண்ணிப் பாத்தாங்க, ஒரு மேட்ச்ல ஒருத்தர் சுமார் ஆயிரம் தடவை அசைவ மாத்தறாரு, அதாவது ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா ஒண்ணு: நடை, ஓட்டம், சைடு ஷஃபில், ஜம்ப், பிரேக். நல்லா வேகமா ஓடற ஓட்டம் மட்டும் இருபது செகண்டுக்கு ஒண்ணுங்கற கணக்குல வருது. இந்த இருபது செகண்டுதான் விஷயமே.

நம்ம ஊர்ல தண்ணி புடிக்கற மாதிரி யோசிச்சுக்கங்க. மேட்டூர் தண்ணி ரெண்டு மூணு நாளுக்கு ஒருக்கா வர்ற தெருவுல, வீட்டுக்குள்ள ஒரு குடம் எப்பவும் நிறைஞ்சு இருக்கும், அவசரத்துக்கு சட்டுனு சாய்ச்சுக்கலாம். தசைக்குள்ள அந்தக் குடத்துக்குப் பேரு பாஸ்போகிரியாட்டின். எதிராளி திரும்பி வர்றதுக்குள்ள ஃபாஸ்ட் பிரேக்ல பாயறப்ப, மிஸ் ஆன பந்தப் புடிக்க ரீபவுண்டுக்கு எகிறறப்ப, முதல்ல இந்தக் குடத்துலருந்துதான் சக்தி வரும், மூச்சுக்காகவோ ரத்தத்துக்காகவோ காத்திருக்க வேண்டியதே இல்ல. ஆனா முழு வேகத்துல சாய்ச்சா ஒரு பத்து செகண்டுல கிட்டத்தட்ட காலி. திரும்ப நிறையறதுக்கு நேரம் வேணும், பாதி நிறைய அரை நிமிஷம் பக்கம் ஆகும், முழுசா நிறைய மூணுலருந்து அஞ்சு நிமிஷம். இருபது செகண்டுக்கு ஒரு ஸ்பிரிண்ட்டுன்னா குடம் நிறையவே விடறதில்ல. சரி, யாரு நிறைக்கறது? ஆக்ஸிஜன்தான். மூச்சுல உள்ள போற ஆக்ஸிஜன் ரத்தம் வழியா தசைக்குப் போய், அங்க எரியற எரிப்புல வர்ற சக்திதான் குடத்த நிறைக்குது. அது குழாய் மாதிரி, சன்னமா ஆனா விடாம வந்துக்கிட்டே இருக்கும்.

இப்ப ஏற்காட்டுக்கு வாங்க. சேலம் கடல் மட்டத்துலருந்து ஒரு 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். காத்துல ஆக்ஸிஜன் பங்கு ரெண்டு எடத்துலயும் அதே 21 சதவீதம்தான், ஆனா மேல காத்தோட அழுத்தமே கம்மி, சேலத்தோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட ஏழுல ஒரு பங்கு குறைஞ்சிருது. ஏரிக்கரைல நடக்கறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா சும்மா இருக்கறப்ப ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் அந்தக் கொறைஞ்ச அழுத்தத்துலயும் கிட்டத்தட்ட முழுசா ஆக்ஸிஜன ஏத்திக்கும். முழு மூச்சுல ஓடறப்பதான் வித்தியாசம். ரத்தம் நுரையீரல வேகவேகமா கடந்து போகுது, ஏத்திக்க நேரம் பத்தல, குழாய்ல தண்ணி கொஞ்சம் மெல்லிசாகுது. குடம் காலியாகற வேகம் அதேதான், நிறையற வேகம்தான் கொஞ்சம் கம்மி.

முதல் பாதில நாங்க ஏன் அவ்ளோ நல்லா ஆடுனோம்ங்கறதுக்கும் பதில் இதுலயே இருக்கு. தனி ஒரு ஸ்பிரிண்ட்டுக்கு உயரம் ஒண்ணும் பண்ணாது, குடம் நிறைஞ்சுதான் இருக்கும். முப்பதாவது, நாப்பதாவது ஸ்பிரிண்ட்டுலதான் அந்தப் பாக்கியெல்லாம் சேந்து கழுத்த நெரிக்கும். மலைப்பசங்களுக்கும் காத்து அதேதான், ஆனா அவங்க தினமும் அங்கயே ஓடறவங்க, எந்த வேகத்துல போனா தாங்கும்னு அவங்க உடம்புக்குப் பழகியிருக்கு. எங்க பசங்க சேலத்து வேகத்துலயே ஆரம்பிச்சாங்க.

ஆனா உயரத்த மட்டும் குத்தம் சொன்னா அது பாதி உண்மைதான். 1500 மீட்டர்ங்கறது பெரிய உயரம் இல்ல. எனக்குத் தெரிஞ்சு பெரிய ஓட்டை வேற எடத்துல, தொட்டில.

குழாய்க்குத் தண்ணி ஒரு தொட்டில இருந்துதான வரணும். தசைல அந்தத் தொட்டி கிளைகோஜன், நாம சாப்பிடற சோறு, இட்லி, வாழப்பழத்துல இருக்கற மாவுச்சத்து சர்க்கரையா மாறி தசைக்குள்ள கட்டிகட்டியா சேமிச்சு வெச்சிருக்கறது. உடம்புத் தசை மொத்தத்துலயும் 300லருந்து 500 கிராம் வரைக்கும் இருக்கும், கல்லீரல்ல இன்னொரு நூறு கிராம் பக்கம். ஒரு முழு மேட்ச் கஷ்டப்பட்டு ஆடுனா தொடைத் தசைல இது நல்லாவே இறங்கிரும், திரும்ப நிறைய ஒழுங்கா சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். நாங்க முந்துன நாள் சாயங்காலம் சேலத்துல ஒரு மேட்ச் ஆடியிருந்தோம். ராத்திரி பாதிப் பேரு தட்டுவடை செட்டும் டீயுமா முடிச்சுட்டானுங்க. காலைல பிராக்டிக்கல் எக்ஸாம், டிபன் அரைகுறை. பன்னெண்டரைக்கு அஸ்தம்பட்டில அவசர அவசரமா பிரியாணி, ஒடனே பஸ்.

அதுக்கப்பறம் இருபது கொண்டை ஊசி வளைவு.

இத நான் கிட்ட இருந்து பாத்தேன், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். எங்க சென்டர் பையன், ஆறடி மூணு அங்குலம், பின்னாடி சீட்டுல குனிஞ்சு ஃபோன் பாத்துக்கிட்டு வந்தான். காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு "வண்டி வளையுது, வளையுது"ன்னு மூளைக்கு சொல்லுது, கண்ணு "ஒண்ணும் அசையல, திரை நேராத்தான் இருக்கு"ன்னு சொல்லுது, ரெண்டும் ஒத்துவராம மூளை கொழம்புது, அதுதான் மலைப்பாதைல வர்ற கொமட்டல். எட்டாவது வளைவுல அவன் முகம் வெளுத்துருச்சு, நெத்தில வேர்வை, உதட்டோரம் எச்சி ஊற ஆரம்பிச்சுது, பதினொண்ணாவது வளைவுல டிரைவர் அண்ணன் ஓரங்கட்டுனாரு. அவனும் இன்னும் ரெண்டு பேரும் சாப்பிட்டத அங்கயே விட்டுட்டாங்க. வாந்தி எடுக்காதவங்களுக்கும் வயிறு அப்படியே நின்னு போயிருக்கும், கொமட்டல் வந்தா இரைப்பை தன்கிட்ட இருக்கறத குடலுக்குத் தள்றதே மெதுவாயிரும். மேல போய் இறங்குனதும் ஒருத்தனும் சாப்பிடல, இஞ்சி டீ மட்டும் குடிச்சாங்க. நாலரைக்கு மேட்ச். சம்ப்ல பாதித் தண்ணியோட மோட்டார் போட்ட கதைதான் அது.

தண்ணியும் குடிக்கல. குளிர்ல தாகம் சரியா எடுக்காது, ஆனா வேர்வை போகும், மூச்சு வழியாவும் தண்ணி போகும். உடம்பு எடைல ரெண்டு சதவீதம் தண்ணி போனாலே, எழுபது கிலோ பையனுக்கு ஒண்ணரை லிட்டர் பக்கம், ஓட்டமும் ஷூட்டிங்கும் ரெண்டுமே கெட ஆரம்பிக்குது. அந்த மூணு பேரு அதுல ஒரு பங்க மேட்ச்சுக்கு முன்னாடியே ரோட்டோரத்துல விட்டுட்டு வந்தவங்க.

இப்ப ஹாஃப் டைம். ஃபிபா, அதாவது உலக பாஸ்கெட்பால் சங்கத்தோட ரூல்படி பதினஞ்சு நிமிஷம். பசங்க நனைஞ்ச ஜெர்சியோட சிமெண்ட் படிக்கட்டுல உக்காந்தாங்க, பனி இறங்க ஆரம்பிச்சுருச்சு, அந்தப் பக்கம் போஸ்ட்டே மங்கலா தெரியுது. மாஸ்டர் பதினாலு நிமிஷம் பேசுனாரு, எல்லாம் சரியான பாயிண்ட்தான். ஆனா அந்த நேரத்துல பசங்களோட தொடை ஆறிக்கிட்டு இருந்துச்சு. ஆடறப்ப தசையோட சூடு 39 டிகிரி பக்கம் போகும், சூடான தசை வேகமா சுருங்கும், ஒரு டிகிரி கொறைஞ்சா எகிறற சக்தி நாலஞ்சு சதவீதம் கொறையும். 2004ல டென்மார்க்ல ஃபுட்பால் ஆட்டக்காரங்கள வெச்சு பாத்தாங்க. ஹாஃப் டைம்ல சும்மா உக்காந்திருந்தவங்களுக்கு தசைச் சூடு ரெண்டு டிகிரி எறங்கியிருந்துச்சு, செகண்ட் ஹாஃப் ஆரம்பிக்கறப்ப ஸ்பிரிண்ட் ரெண்டு சதவீதத்துக்கு மேல மெதுவாயிருச்சு. லேசா ஓடிக்கிட்டு இருந்தவங்களுக்கு அந்தக் கொறை வரல. சேலத்துல மே மாசம் ஆடறப்ப இது பெரிய விஷயமே இல்ல, அங்க உடம்ப ஆத்தறதுதான் கஷ்டம். எங்க பழக்கமெல்லாம் அந்த வெயிலுக்குப் பழகுன பழக்கம், நிழல்ல உக்காரு, அசையாத, தண்ணிய தலைல ஊத்து. மலைல டிசம்பர் சாயங்காலத்துக்கு அது நேரெதிரு. ஈர ஜெர்சி வேற, ஒவ்வொரு கிராம் வேர்வையும் ஆவியாகறப்ப அர கிலோகலோரிக்கு மேல சூட்ட உறிஞ்சிக்கிட்டு போகுது. மலைப்பசங்க ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு கடைசி அஞ்சு நிமிஷம் லே-அப், அதாவது ஓடி வந்து எகிறி கிட்டருந்து பந்து போடறது, போட்டுக்கிட்டு இருந்தாங்க.

அவங்க செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சதும் ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டாங்க, அதாவது எங்க பக்கத்துலயே வந்து பந்து வெச்சிருக்கறவன நெருக்குனாங்க. எட்டு செகண்டுக்குள்ள நாங்க பந்தோட பாதிக் கோட்டத் தாண்டியாகணும், ஆறிப்போன காலோட. முதல் நாலு நிமிஷத்துல அஞ்சு டர்ன் ஓவர், அஞ்சு தடவ ஷாட் போடாமலே பந்தப் பறிகுடுத்தோம்.

ஷூட்டிங் கதை இன்னும் தெளிவு. முதல் பாதில 15 த்ரீ பாயிண்டர், தூரத்துக் கோட்டுக்கு வெளியருந்து போடற மூணு பாயிண்ட் ஷாட், போட்டு 9 விழுந்துச்சு, செகண்ட் ஹாஃப்ல 14 போட்டு 2. இதுல ஒரு பங்கு வெறும் அதிர்ஷ்டம், அத நேர்மையா ஒத்துக்கணும், பிராக்டிஸ்ல எங்க பசங்க மூணுக்கு ஒண்ணுதான் போடுவாங்க, மொத்த மேட்ச்ச கூட்டுனா 29க்கு 11, அது அவங்க வழக்கத்தவிட கொஞ்சம் ஒசத்திதான். முதல் பாதி 9ங்கறதே நிக்காத நம்பர், 13 பாயிண்ட் லீடுல பெரும்பகுதி காத்துல கட்டுன லீடு. ஆனா மிச்சம் அதிர்ஷ்டம் இல்ல. நான் ஷீட்ல மிஸ் ஆன ஷாட் எங்க பட்டுச்சுன்னும் குறிப்பேன். செகண்ட் ஹாஃப்ல மிஸ் ஆன 12ல 9 ரிங்கோட முன் விளிம்புல பட்டது, ஷார்ட். மேல காத்து லேசு, பந்துக்கு எதிர்ப்பு கம்மி, அதே தள்ளு தள்ளுனா பந்து சில சென்டிமீட்டர் அதிகமாத்தான் போகணும், பின் விளிம்புலதான் படணும். ஷார்ட் ஆகுதுன்னா காத்து காரணமில்ல, கால்தான். 6.75 மீட்டர்லருந்து 3.05 மீட்டர் ஒசரத்துக்குப் பந்த அனுப்பற சக்தி முழங்கால்லருந்து கிளம்பி இடுப்பு, தோள், மணிக்கட்டுன்னு ஏறி வர்றது. கால் தராத சக்திய கை ஈடுகட்டப் பாக்கும், பந்து தட்டையா போகும். 45 சென்டிமீட்டர் ரிங்குக்குள்ள 24 சென்டிமீட்டர் பந்து, மேலருந்து இறங்குனா எடம் தாராளம், தட்டையா வந்தா அந்த வாய் சுருங்கிரும்.

டிஃபென்ஸ்லயும் அதே கதை, கால் போகாத எடத்துக்குக் கை போகும், விசில் அடிச்சுருவாங்க. மூணாவது குவார்ட்டர்ல அஞ்சே நிமிஷத்துல நாலு டீம் ஃபவுல், அதுக்கப்பறம் தொட்டதுக்கெல்லாம் அவங்களுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. சென்டர் பையன் அஞ்சாவது ஃபவுல்ல வெளிய போனான். பெஞ்சுல ஆறு பேரு உக்காந்திருந்தாங்க, அதுல ஒருத்தனத்தான் எறக்குனோம். எத்தன தடவ வேணும்னாலும் மாத்திக்கலாம்னு இருக்கற ஆட்டத்துல ஒவ்வொருத்தனுக்கும் மூணு நிமிஷம் ரெஸ்ட் குடுத்திருந்தா குடம் முக்கால்வாசியாவது நிறைஞ்சிருக்கும். எனக்கு இன்னிக்கும் மனசு தாங்காதது இதுதான்.

லாக்டிக் ஆசிட் சேந்துருச்சு, அதான் கால் கட்டிருச்சுன்னு பஸ்ல ஒருத்தர் சொன்னாரு. அது ரொம்ப காலமா சொல்றதுதான், ஆனா லாக்டேட்ட இதயமும் மத்த தசைகளும் எரிபொருளாவே எடுத்துக்குது, அத வில்லனாக்க வேண்டியதில்ல. பாஸ்போகிரியாட்டின் ஒடையறப்ப மிச்சமாகற பாஸ்பேட் தசைக்குள்ள சேரும், அது தசை நார் இறுக்கிப் புடிக்கறதயும் சுருங்கச் சொல்ற கால்சியம் சிக்னலயும் கெடுக்கும். மூளை ஓடுன்னு அனுப்பற உத்தரவு போய்ச் சேருது, தசை பாதிதான் கேக்குது. பாயிண்ட் கார்டு பையன் சொன்னது இததான்.

அடுத்த வாரம் அவன கேன்டீன்ல உக்கார வெச்சு ஷீட்ட விரிச்சுக் காட்டுனேன், முன் விளிம்பு, முன் விளிம்புன்னு நான் போட்டிருந்த குறிய விரலால எண்ணிக்கிட்டே போனான். "அப்ப மாஸ்டர்கிட்ட இத காட்டுங்கண்ணா"ன்னான். காட்டுனேன். பிப்ரவரில மறுபடி ஏற்காடு போறப்ப முந்துன நாளே கிளம்பறதா முடிவு, வாழப்பழம் ஒரு தார், ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், ஹாஃப் டைம்ல பத்தாவது நிமிஷம் எல்லாரும் எந்திரிச்சு ஓடணும்னு மாஸ்டரே நோட்டீஸ் போர்டுல எழுதி ஒட்டியிருக்காரு.