விழுந்த கணத்தில் இறுகும் துளி

3 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்ணீர்த் துளியை அரை மீட்டர் உயரத்திலிருந்து கண்ணாடியில் விழவிட்டால், அது தன் அகலத்தைப்போல மூன்று நான்கு மடங்கு பரவிவிட்டுச் சுருங்கும். சோள மாவுச்சத்தைத் தண்ணீரில் நன்றாகத் திக்காகக் கரைத்து, அதே அளவு துளியை விட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் லேசாகத் தட்டையாகி, அப்படியே கூழாங்கல்போல நிற்கும். கலவை இன்னும் கெட்டி என்றால் துள்ளக்கூடச் செய்யும். அப்புறம் மெல்ல இளகி வழிந்துவிடும்.

வேகமாகக் கலக்கக் கலக்கக் கெட்டியாகும் திரவம் இது. அரை மீட்டர் விழுந்த துளி நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் மோதுகிறது. அந்த வேகத்தில் துளி தன் 3 மில்லிமீட்டர் உயரத்தைக் கடக்க 1000-இல் ஒரு பங்கு நொடி போதும். அதற்குள் மாவுத் துகள்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டாக வேண்டும். சாதாரணமாக ஒவ்வொரு துகளுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் எண்ணெய் இட்டதுபோல இருக்கும். மெதுவாகச் சாய்த்தால் அவை வழுக்கிக்கொண்டு போய்விடும். மோதலின் அழுத்தத்தில் படலம் பிதுங்கி, துகளோடு துகள் நேராக உரசுகிறது. உராய்வு பிடித்துக்கொள்ள, பக்கத்துத் துகள்களும் சேர்ந்து பூட்டிக்கொள்கின்றன. இதற்குக் கலவையின் கொள்ளளவில் ஏறத்தாழ 40 சதவீதமாவது துகள்கள் இருக்க வேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்தது இந்த இறுக்கம் பரவும் விதம். சாலையில் முதல் வண்டி சட்டென்று நின்றால், நின்ற வண்டிகளின் வரிசை பின்னோக்கி வளரும் அல்லவா? வண்டிகளுக்கிடையே இடைவெளி குறையக் குறைய அந்த வரிசை வேகமாக நீளும். துளியிலும் அப்படித்தான்: தரையைத் தொட்ட அடிப்பகுதி முதலில் நிற்கிறது, இறுகிய பகுதியின் எல்லை மேல்நோக்கி ஏறுகிறது. துகள்கள் ஏற்கெனவே நெருக்கமாக இருப்பதால், அந்த எல்லை துளி விழும் வேகத்தையே மிஞ்சிவிடலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட் வைட்டுகைட்டிஸும் ஹைன்ரிக் யேகரும் மாவுக் கலவையில் தண்டு ஒன்றை மோதவிட்டு, இப்படி முன்னேறும் எல்லையை 2012-இல் விளக்கினார்கள்.

ஆக, மோதலின் நடுவே ஒரே துளியின் அடி திடமாகவும் தலை திரவமாகவும் இருக்கிறது. செறிவு சற்றுக் குறைந்தால் எல்லை உச்சியை எட்டுவதற்குள் வேகம் தீர்ந்துவிடும். இறுகிய அடிப்பகுதியின் மேல் மிச்சத் திரவம் வழிந்து இறங்கும். செறிவு கூடினால் துளி முழுவதும் இறுகிவிடும். அழுத்தம் விலகியதும் தண்ணீர் மறுபடி துகள்களுக்கிடையே நுழைகிறது, பூட்டு ஒவ்வொன்றாகத் தளர்கிறது, கூழாங்கல் போல நின்ற துளி தட்டையாகப் படரத் தொடங்குகிறது.