கம்ப்ரஷன்: அமுக்கமா, சுருக்கமா?

"கம்ப்ரஷன் போயிட்டு அண்ணாச்சி, எஞ்சினப் பிரிக்கணும்." பாளையங்கோட்டைப் பக்கம் பைக் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மிதிக்கச் சொல்வார். நல்ல எஞ்சினில் காற்று விரலைத் தள்ளிவிடும். தள்ளவில்லையென்றால் துளைவழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார். இப்போது தள்ளினால் தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங். இப்போதும் தள்ளாவிட்டால் பெரும்பாலும் வால்வில்தான் கசிவு.

கம்ப்ரஷன், லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'காம்' என்றால் ஒருசேர, 'பிரெமெரே' என்றால் அழுத்துதல். நாலாபக்கமும் நெருக்கி, பிடிக்கும் இடத்தைக் குறைப்பது என்று பொருள் விரிந்தது.

தமிழில் இதற்கு அமுக்கம் என்பதே பொருத்தம். தானாக நடந்தால் அமுங்கு, நாம் செய்தால் அமுக்கு. சுருங்கு–சுருக்கு, நெருங்கு–நெருக்கு எல்லாம் இதே வார்ப்பு. பலர் 'அழுத்தம்' என்று எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அழுத்தம் என்பது பிரஷர். ஆழ்கிணற்றின் அடியில் நீரின் அழுத்தம் அதிகம், ஆனால் அந்த நீர் அமுங்குவது இல்லையென்றே சொல்லலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது? இலங்கை நூல்களைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே பிரஷரைத்தான் அமுக்கம் என்பார்கள். குருதி அமுக்கம், வளியமுக்கம் என்பவை அப்படி வந்தவை.

எஞ்சினில் அமுக்க விகிதம் என்று ஒரு கணக்கு உண்டு: பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள இடம், அது மேலே வந்து அமுக்கியபின் எத்தனையில் ஒரு பங்காகிறது என்பது. பெட்ரோல் வண்டியில் சுமார் 10க்கு 1. டீசலில் 14க்கு மேல், 20ஐயும் தாண்டும். அவ்வளவு அமுக்கினால் காற்று கடுமையாகச் சூடேறிவிடும். டீசல் அதில் பட்டதும் தானாகவே பற்றிக்கொள்ளும், பிளக்கின் பொறி தேவையில்லை.

அசையாமல் நிற்கும் அமுக்கத்தைப் பார்க்கத் தாமிரபரணிக் கரைக்குப் போகலாம். 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம் வளைவுகளின் மேல் நிற்கிறது. மேலே போகும் பஸ்ஸின் பாரம் வளைவுக் கற்களை ஒன்றோடொன்று நெருக்கித் தூணுக்கு இறங்குகிறது. கல்லை இழுத்தால் எளிதில் விரிசல் விடும், அமுக்கினால் தாங்கும். கான்கிரீட்டுக்கும் இதே குணம். அதனால்தான் கட்டட வேலையில் 150 மில்லிமீட்டர் கனசதுரம் வார்த்து, 28 நாள் கழித்து அமுக்கி உடைத்துப் பார்க்கிறார்கள்.

கணினிக்கு வந்தால் அமுக்கம் ஒட்டாது, 'தரவுச் சுருக்கம்' சரியாக இருக்கும். எழுத்துகளைக் கணினியில் பதிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'திருநெல்வேலி' என்ற சொல் 36 பைட் பிடிக்கும். ஒரு கோப்பில் அது நூறு முறை வந்தால் நூறு முறையும் முழுதாக எழுதாமல், 'முன்னே இத்தனை தூரத்தில் வந்ததே, அதுதான்' என்று சிறு குறிப்பாக எழுதிவைக்கலாம். கணினி அறிஞர்கள் லெம்பெலும் ஸிவும் 1977-இல் வெளியிட்ட இந்த வழியில்தான் ஸிப் கோப்புகள் சுருங்குகின்றன; விரித்தால் ஓர் எழுத்தும் குறையாது. இதை இழப்பில்லாச் சுருக்கம் என்போம். ஜேபெக் படம், எம்பி3 பாட்டு இரண்டும் இழப்புள்ள சுருக்கம்: கண்ணுக்கும் காதுக்கும் எளிதில் பிடிபடாததைக் கழித்துவிடும், கழித்தது திரும்பாது.

மருத்துவத்தில் நரம்புச் சுருட்டலுக்குப் போடும் இறுக்கமான உறையை அமுக்கக் காலுறை எனலாம். காய்ச்சலுக்கு நெற்றியில் வைக்கும் 'கோல்டு கம்ப்ரஸ்' வேறு. அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம், அது ஈரத்துணி ஒத்தடம்.