லூஸ்னா தொலைக்கிறதா, தளர்றதா?

இங்கிலீஷ்ல லூஸ்னு ரெண்டு வார்த்தை இருக்கு, ஒண்ணு தொலைக்கிறது, இன்னொண்ணு தளர்வா இருக்கிறது ("டேய் லூசு"ன்னு திட்டுறோமே, அது இந்த ரெண்டாவதுலேர்ந்து வந்தது). தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், ஏன்னா முதல் வார்த்தையோட கடைசி சத்தத்துக்கு நம்மகிட்ட எழுத்தே இல்ல. தொண்டையில விரலை வெச்சுக்கிட்டு பாம்பு மாதிரி ஸ்ஸ்ஸ்னு சீறுங்க, ஒண்ணும் அதிராது, அது தளர்வு லூஸ். நாக்கை அப்படியே வெச்சுக்கிட்டு வண்டு மாதிரி ரீங்காரம் போடுங்க, விரல்ல கிர்ருனு அதிரும், அது தொலைக்கிற லூஸ். ஸ்பெல்லிங்ல தளர்வுக்கு ரெண்டு ஓ, தொலைக்கிறதுக்கு ஒண்ணுதான். இங்கிலீஷ்காரங்களே இதை அடிக்கடி மாத்தி எழுதுறாங்க, அதனால வெட்கப்பட வேணாம்.

நிஜமான சிக்கல் அர்த்தத்துலதான். சாவி, மேட்ச், வேலை, உடம்பு எடை எல்லாத்துக்கும் அவங்களுக்கு இந்த ஒரே வினை. நமக்கு சாவி தொலையும், மேட்ச்ல தோப்போம், வேலை போயிடும், எடை குறையும். அப்பா இறந்ததுக்கும் அவங்க இதையேதான் சொல்வாங்க, அதை "அப்பாவைத் தொலைச்சுட்டேன்"னு தமிழ்ப்படுத்தினா கேக்குறவங்க திருவிழாக் கூட்டத்துல தேடப் போயிடுவாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதோட பழைய கதை. சுமார் 1000 வருஷத்துக்கு முன்னாடி பழைய இங்கிலீஷ்ல இது லோசியன், அப்ப தொலைச்ச ஆள் எழுவாயே கிடையாது, தொலைஞ்ச பொருள்தான் எழுவாய். நூறு ஆடு வெச்சிருந்தவனோட பைபிள் கதையைக்கூட "அவனுக்கு ஒண்ணு தொலைஞ்சுபோனா"ங்கிற மாதிரிதான் எழுதியிருக்காங்க, அப்படியே நம்ம "பர்ஸ் தொலைஞ்சுபோச்சு" மாதிரி, பழி பூரா பர்ஸ் மேல! அப்புறம்தான் ஆள் எழுவாயா மாறினான். நாம இன்னும் ரெண்டையும் வெச்சிருக்கோம், தொலைஞ்சுதுன்னா தானா போச்சு, தொலைச்சேன்னா நான்தான் காரணம்.

இதுக்கு லேயோசன்னு ஒரு பழைய சொந்தக்காரன் உண்டு, அதுல ஸ் சில வடிவத்துல ர் ஆயிடும். ஃபர்லார்ன், அதாவது கைவிடப்பட்டவன்ங்கிற வார்த்தையில இருக்கிற ர் அதுதான், "இருந்தான்"ங்கிற இங்கிலீஷ் வாஸ், பன்மையில "இருந்தாங்க"ங்கிற வேர் ஆகுறதும் இதே கதைதான். இந்த மாற்றத்தோட விதியை டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் 1877ல வெளியிட்டார்.

"தொலைஞ்சு போ"ன்னு நாம விரட்டுற மாதிரியே அவங்களும் "கெட் லாஸ்ட்"னு விரட்டுறாங்க. ஆனா "சீக்கிரம் சாப்பிட்டுத் தொலை"ன்னு எரிச்சலை மட்டும் காட்ட இதையே துணைவினையா ஒட்டுறோமே, அதை அவங்க வினையை வெச்சு சொல்லிப் பாருங்க, வராது.