ஆளில்லாத கடற்கரையில் நாயை அவிழ்த்து விடும் முன்

"கூட்டமே இல்லாத பீச் எது டாக்டர்? நாயைக் கொஞ்சம் அவிழ்த்து விடணும்." கேம்பர் வேனிலோ படுக்கை போட்டு மாற்றிய டெம்போ டிராவலரிலோ புதுச்சேரி, கடலூர் பக்கம் வருபவர்கள் கால்நடை மருத்துவர்களான எங்களிடம் கேட்பது இதைத்தான். நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே ஏன் கூட்டம் இல்லை? கூப்பிடு தூரத்துக்கு ஒரு குப்பம் இருக்கும் கரை இது. சும்மா காலியாகக் கிடக்கும் மணல் குறைவு. கல் கொட்டியிருக்கும், இல்லையென்றால் நாலு எட்டு வைத்ததும் ஆழம் இழுக்கும், இல்லையென்றால் விடியற்காலையில் ஊர்க்காரர்கள் ஒதுங்கும் இடமாக இருக்கும். காரணம் தெரிந்துவிட்டால், அந்த இடம் நாய்க்கு ஆகுமா ஆகாதா என்பது பாதி தெரிந்த மாதிரி.

புதுச்சேரிக்கு வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி வரை காரணம் கடலரிப்பு. வருடத்தில் பெரும்பகுதி இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கென அலைதடுப்புச் சுவர் வந்தது. மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது, வடக்கே கரை கரைந்தது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். அந்தக் கல் பாசி பிடித்து வழுக்கும். ஒட்டியிருக்கும் சிப்பிகள் பிளேடு மாதிரி பாதத்தைக் கிழிக்கும். இடுக்கில் கால் மாட்டினால் நாய் உதறி இழுக்கும், நகம் வேரோடு பெயரும். கல் இல்லாத துண்டு மணல் கிடைத்தாலும் அலை ஏறும்போது நிற்க இடம் இருக்காது. நாயோடு வருபவர்களுக்கு இந்தப் பக்கத்தை நாங்கள் சொல்வதில்லை.

துறைமுகத்துக்குத் தெற்கே வீராம்பட்டினத்திலிருந்து மணல் அகலம். சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் பீச் 2021ல், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக்கொடி சான்று பெற்றது. நாய் உள்ளிட்ட வளர்ப்புப் பிராணிகளின் வரவைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தவேண்டும் என்பது அந்தச் சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. எனவே வாசலில் வாக்குவாதம் வேண்டாம். சுண்ணாம்பாறு பாரடைஸ் பீச்சுக்குப் பொதுவாகப் படகில் போகவேண்டும், அதையும் விட்டுவிடுங்கள். நல்லவாடு, பன்னித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம் என்று முள்ளோடை எல்லை வரை போகும் கரையில்தான் நீளமான மணலும் தோப்பும் கிடைக்கும். கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் ஊரே கூடும் இடம். அமைதி வேண்டுமென்றால் பழைய நகரத்தையும் சிப்காட் தொழிற்பேட்டையையும் தாண்டி, சாமியார்பேட்டை பக்கம் போகலாம். சிப்காட்டை ஒட்டி ஓடும் உப்பனாற்றில் மட்டும் நாயை இறக்காதீர்கள். ஆலைக் கழிவு பற்றிய புகார் நெடுங்காலமாக உள்ள ஆறு அது. நாய் நீந்தினால் குடிக்கவும் செய்யும், அப்புறம் உடம்பை நக்கவும் செய்யும்.

தாழங்குடாவில் பெண்ணையாறு கடலில் சேருமிடம் படத்தில் பார்க்க அழகாக இருக்கும். முகத்துவாரங்களில் மணல்திட்டு வாரத்துக்கு வாரம் இடம் மாறும். மேலே காய்ந்த மணல், கீழே சேறு. ஆற்று வாய் திறந்திருக்கும் நாட்களில் நீரோட்டம் கடலை நோக்கி இழுக்கும். லாப்ரடார் நன்றாக நீந்தும் என்பது அங்கே உதவாது.

அமைதி என்பது இடத்தைவிட நேரத்தைப் பொறுத்தது. குப்பத்துக் கரையில் விடியலிலிருந்து ஒன்பது மணி வரை படகு வரும், மீன் இறங்கும், வலை பிரிப்பார்கள். அந்த நேரத்தில் நாயைக் கொண்டுபோனால் அவர்கள் பிழைப்புக்கு இடைஞ்சல். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை கரை வெறிச்சோடிக் கிடக்கும், அதற்குக் காரணம் சூடு. புறங்கையை மணலில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. நமது கரை கிழக்கு பார்த்தது என்பதால் மாலை நாலு மணிக்குமேல் தென்னை, சவுக்கின் நிழல் கடலை நோக்கி நீளும். நாலரையிலிருந்து ஆறரை வரைதான் நாய்க்கான நேரம். காலையில் போவதென்றால் குப்பத்திலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளி, ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை புதுச்சேரி நிரம்பி வழியும். செவ்வாய், புதனில் அதே மணல் காலி. தை, ஆடி அமாவாசைகள், மாசி மகத் தீர்த்தவாரி, தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றுத் திருவிழா, ஆடியில் வீராம்பட்டினம் தேர் ஆகிய நாட்களில் வேனைத் திருப்பவே இடம் கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011ல் தானே, 2024ல் ஃபெஞ்சல் என இரண்டு புயல்களும் இந்தக் கரையில்தான் ஏறின. ஏப்ரல், மே வெயில் நாய்க்கு ஆகாது. நாயோடு வர நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் முதல் வாரம் வரை.

அதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும். ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இருக்கும், பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். நாயின் மூக்குக்கு அந்தக் குழி தெரியும், நமக்குத் தெரியாது. அடும்புக்கொடி படர்ந்த மணல்மேட்டில் நாய் ஓரிடத்தை விடாமல் பிறாண்டினால் உடனே இழுத்துவிடுங்கள். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருட்டியபின் நாயை மணலில் விடவே வேண்டாம். வேனின் வெளி விளக்குகள் கடல் பக்கம் தெரியக் கூடாது, குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும்.

வேனை நிறுத்தும் முன் ஊரில் யாரிடமாவது கேளுங்கள். டீக்கடையில் ஆரம்பித்தால் பஞ்சாயத்தார் வரை வழி காட்டுவார்கள். "அண்ணே, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நிறுத்திக்கலாமா, நாய் இருக்கு, கட்டித்தான் வைப்போம்" என்று சொன்னால் பெரும்பாலும் மறுப்பதில்லை. எந்தப் பக்கம் சுழல் இழுக்கும், எங்கே தெருநாய்க் கூட்டம் இருக்கிறது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். காயப்போட்ட நைலான் வலையில் நாயின் நகம் மாட்டினால் வலையும் கிழியும், நகமும் போகும். கருவாடு காயும் இடத்தில் நாய் காலைத் தூக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மூன்று டன் வண்டியை மணலில் இறக்கவே கூடாது. தார் அல்லது கப்பி ரோட்டிலேயே, முகம் வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள். அவசரத்துக்குக் கிளம்ப அதுதான் வசதி.

நாயை இறக்கும் முன் ஒருவர் மட்டும் ஐந்து நிமிடம் நடந்து பார்த்து வரவேண்டும். முதலில் கண்ணாடி. மாநில எல்லையை ஒட்டிய கரை என்றால் மது பாட்டில் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோப்பு ஓரத்தில் உடைந்த சில்லு கிடக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து இராவணன் மீசை. ஊசி நுனியுள்ள இந்தப் புல் மணல்மேட்டில் குத்துக்குத்தாக நிற்கும், அதன் முள்ளுருண்டை காற்றில் உருளும். நாய்க்கு அது பந்து. மூக்கை நுழைத்துத் துரத்தும்போது நுனி கண்ணில் குத்தி, மறுநாள் கண் மூடிக்கொண்டு நீர் வடியும். கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து அதை மோசமாக்கும் என்பதால், வீட்டில் மிச்சமிருக்கும் கண் மருந்தை எடுத்து விடாதீர்கள்.

அப்புறம் வலையிலிருந்து கழித்துப் போட்ட மீன். இதில் பேத்தை மீனைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்கவேண்டும். உருண்டை உடம்பு, கிளி அலகு மாதிரி பல், உப்பிய வயிறு. அதன் விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. தின்ற நாய்க்கு எச்சில் வடியும், பின்னங்கால் தள்ளாடும், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். செயற்கைச் சுவாசம் கொடுத்து விஷம் இறங்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதனால் பேத்தையைக் கடித்தது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் வண்டியை எடுங்கள். கெளுத்தியின் முள்ளும் திருக்கையின் வால்முள்ளும் செத்த பிறகும் குத்தும். சொறி மீனின் (ஜெல்லி மீன்) இழை ஒட்டினால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். கடல் நீர் ஊற்றிக் கழுவி, கையுறையோ சாமணமோ வைத்து இழையை எடுங்கள். தூண்டில் முள் உதட்டில் ஏறினால் வந்த வழியே இழுக்கக் கூடாது, கொண்டி சதையைக் கிழிக்கும். முள்ளை விழுங்கி, தூண்டில் நரம்பு (நைலான் இழை) மட்டும் வாயில் தொங்கினால் அதையும் இழுக்காதீர்கள், அறுக்கவும் வேண்டாம். நரம்பின் நுனியைக் கழுத்துப்பட்டையில் கட்டி அப்படியே கொண்டு வாருங்கள்.

இத்தனைக்கும் வழி ஒன்றுதான், நீளக் கயிறு. பத்து மீட்டர் தட்டை நைலான் நாடாவை மார்பில் போடும் ஹார்னஸில் மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் வேண்டாம். ஓடிப்போய்க் கயிறு சுண்டும்போது கழுத்து தாங்காது. இழுத்தால் தானே நீண்டு, பட்டனை அழுத்தினால் நிற்கும் மெல்லிய கயிறு வேண்டாம், அது மனிதர் காலை அறுக்கும், மணல் புகுந்தால் பூட்டும் விழாது. நாய்க்கு நீள நாடா சுதந்திரம் மாதிரியே இருக்கும், தெருநாய்க் கூட்டம் வந்தால் உங்களுக்குப் பிடி இருக்கும். வெறிநாய்த் தடுப்பூசி போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்கவேண்டும். கடி பட்டால் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்ணீரில் ஒரு ஏமாற்று உண்டு. இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கலங்கலாகத் தெரியும். அமைதியான இடம் என்று அங்கேதான் பந்தை எறிவார்கள். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. நாய் அதில் மாட்டினால் பின்னால் குதிக்காதீர்கள். கரையோரமாகவே ஐம்பது அறுபது அடி பக்கவாட்டில் ஓடி, அங்கிருந்து கூப்பிடுங்கள். நாய் உங்களைப் பார்த்துச் சாய்வாக நீந்தினால் இழுப்பிலிருந்து விலகும். முதுகில் கைப்பிடி உள்ள லைஃப் ஜாக்கெட் போட்டால் கரையில் பிடித்துத் தூக்கவும் வசதி. பக், ஷிட்சூ, புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வார இறுதி முடிந்து திங்கட்கிழமை வரும் வாந்தி, பேதியில் பாதி கடல் நீரால் வருவது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. பந்தைக் கவ்வும் ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்கு உள்ளே போகும். பத்து கிலோ நாய் அரை லிட்டருக்கு மேல் குடித்துவிட்டால் உப்பு விஷமாகத் தொடங்கும். வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு என்று போகும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விளையாட்டை நிறுத்தி நல்ல தண்ணீர் வையுங்கள். சாதாரண நாளில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி போதும், பீச்சில் அதன் இரட்டிப்பு என்று கணக்கு வையுங்கள். 25 கிலோ லாப்ரடாருக்கு மூன்று லிட்டர். டென்னிஸ் பந்து வேண்டாம், அதன் பஞ்சு மணலை அள்ளிக்கொண்டு வரும். விழுங்கிய மணல் குடலில் கட்டிவிடும். வாந்தியோடு மலம் போகாமல் வயிறு இறுகினால் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும்.

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கொல்வது வேன். "ஜன்னல் திறந்திருக்கு, நிழல்ல நிக்குது, டிபன் சாப்பிட்டு வந்துடலாம்." வெளியே 32 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறும், அரை மணியில் ஐம்பதைத் தொடும். ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை, நிழலும் நகர்ந்துவிடும். மேற்கூரை ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை மாற்றும், வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக்காது. ஏசி ஓடுகிறது என்று நம்பிப் போனால் பேட்டரி இறங்கி இன்வெர்ட்டர் அணைந்தது உங்களுக்குத் தெரியாது. சாப்பிடப் போனாலும் ஒருவர் நாயோடு இருக்கவேண்டும், இதில் விதிவிலக்கே இல்லை.

நாய் நாக்கை அகலமாகத் தொங்கவிட்டு, ஈறு செங்கல் நிறமாகி, கெட்டியான எச்சில் வடித்தால் வெப்பத் தாக்கு தொடங்கிவிட்டது. வழக்கமான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து 104ஐத் தாண்டினால் முதலில் குளிரவையுங்கள், அப்புறம் வண்டியை எடுங்கள். தலை தவிர உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஃபேனைத் திருப்பி விடவேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி வைத்தால் அது சூட்டை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் உடல் வெப்பம் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆகவேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது சில மணி நேரம், சில சமயம் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. இரவில் எது திறந்திருக்கும் என்பதைக் கிளம்பும் முன்பே போன் போட்டுக் கேட்டுக் குறித்துவையுங்கள். காய்ச்சல், வலிக்கு நம் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள்.

கிளம்பும் முன் நல்ல தண்ணீரில் அலசுவது முக்கியம். தோட்டத்துக்கு வாங்கும் ஐந்து லிட்டர் கைப்பம்ப் தெளிப்பான் (புதிதாக வாங்கியது, பூச்சிமருந்து ஊற்றியது அல்ல) இரண்டு தடவை நிரப்பினால் ஒரு லாப்ரடாருக்குப் போதும். வயிறு, அக்குள், விரலிடுக்கில் உப்பும் மணலும் நின்றால் நக்கி நக்கிப் புண்ணாக்கும். தொங்கும் காதுள்ள நாய்க்குக் காதை மடித்துத் திருப்பி, பஞ்சால் கண்ணுக்குத் தெரியும் வரை மட்டும் துடைத்து, காற்றாட விடுங்கள். பட்ஸ் விட்டால் அழுக்கு உள்ளேதான் போகும். மலத்தைக் கவரில் எடுத்துக்கொண்டு போவது அழகுக்காக மட்டும் அல்ல. ஈர மணலில் விழும் கொக்கிப்புழு முட்டை சில நாளில் புழுவாகி, வெறுங்காலோடு வலை இழுப்பவர் தோலில் ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து கொடுத்த நாயாக இருக்கட்டும்.

சவுக்குத் தோப்பில் படுத்திருந்த நாய்க்கு அன்றிரவே காது மடல், கழுத்துப்பட்டைக்குக் கீழே, விரலிடுக்கு மூன்றிலும் உண்ணி தேடுங்கள். தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுக்கவேண்டும், நசுக்கக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் எட்டு முதல் இருபது நாட்கள் கழித்துத்தான் தலைகாட்டும். சாப்பாடு குறைந்து, சோர்ந்து படுத்து, மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தால் பிளேட்லெட் பரிசோதனைக்குக் கொண்டு வாருங்கள். வரும்போது எந்தத் தேதியில் எந்தக் கரையில் இருந்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.