பாய்மர உச்சியில் ஒரே ஆன்டெனா

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான டோவர் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 33 கிலோமீட்டர் அகலமே உடையது. சரக்குக் கப்பல்கள் வரிசையாகச் செல்லும் அந்த நீர்வழியைக் குறுக்காகக் கடக்க விரும்பும் பதினோரு மீட்டர் நீளப் பாய்மரப் படகுக்கு இரண்டு கருவிகள் துணையாக இருக்கின்றன. ஒன்று, பேசுவதற்கான வி.எச்.எஃப். வானொலி; மற்றொன்று, சுற்றியுள்ள கப்பல்களின் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றைப் பெற்று, தன் விவரங்களையும் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி. இவை இரண்டும் ஏறத்தாழ ஒரே அலைவரிசைப் பட்டையில் இயங்குகின்றன. அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸிலும், ஏ.ஐ.எஸ். சேனல்கள் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸிலும் உள்ளதால், ஒரே ஆன்டெனா இரண்டுக்கும் பொருந்தும். அதை இரண்டும் பகிர்ந்துகொள்ள உதவும் கருவியே ஸ்பிளிட்டர்.

தனித்தனி ஆன்டெனா வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஆனால் படகில் உயரமான இடம் பாய்மரத்தின் உச்சி ஒன்றுதான், இவ்வகை அலைகளோ பெரும்பாலும் நேர்கோட்டுப் பார்வைக்குள் மட்டுமே பயணம் செய்கின்றன. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2-ஆல் பெருக்கினால், அதன் வானொலித் தொடுவானம், அதாவது அலைகள் எட்டும் எல்லை, கடல் மைலில் கிடைக்கும். 16 மீட்டர் உச்சியில் அது ஏறக்குறைய 9 மைல். படகின் பின்புறக் கம்பியில் 4 மீட்டர் உயரத்தில் வைத்தால் அதில் பாதி. எதிரே வரும் கப்பலின் ஆன்டெனா உயரம் தரும் தூரமும் இதனுடன் சேரும் என்றாலும், நம் பங்கு பாதியாகிவிடுவது சிறிய இழப்பன்று. இரண்டு ஆன்டெனாக்களை ஒரே மட்டத்தில் வைப்பதானால் அவற்றுக்கிடையே பத்து மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது கப்பல்களுக்கான பரிந்துரை. சிறிய படகில் அதற்கு இடம் ஏது?

எனவேதான் ஸ்பிளிட்டர் தேவைப்படுகிறது. பெயரைக் கேட்டால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் எளிய கருவி என்று தோன்றும். உண்மையில் அதன் முதன்மை வேலை காவல் காப்பது. வானொலி பேசும்போது 25 வாட் ஆற்றலை ஆன்டெனாவுக்கு அனுப்புகிறது. ஏ.ஐ.எஸ். கருவியோ, ஒரு வாட்டை ஐம்பது லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு அளவுள்ள சிக்னலையும் பிடிக்கும்படி அமைந்தது. வீட்டுத் தொலைக்காட்சிக்கான மலிவான ஸ்பிளிட்டரை இவற்றுக்கிடையே மாட்டினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். அதன் இரு வாய்களுக்கிடையே 20 டெசிபெல் தடுப்பு இருப்பதாகக் கொண்டாலும், நூறில் ஒரு பங்கான கால் வாட் அடுத்த கருவிக்குள் பாயும். நுண்ணிய ஏற்பியைப் பாழாக்க அதுவே போதும். தொலைக்காட்சிக் கருவிகள் 75 ஓம் மின்தடைக்கும் கடல் வானொலிகள் 50 ஓமுக்கும் அமைந்தவை என்பது வேறு தொல்லை.

படகுக்கான ஸ்பிளிட்டர், வானொலி ஒலிபரப்பத் தொடங்கியதை உணர்ந்த உடனேயே ஏ.ஐ.எஸ். பாதையைத் துண்டித்து, ஆன்டெனாவை முழுவதுமாக வானொலிக்கு ஒப்படைக்கிறது. ஓர் ஏ.ஐ.எஸ். செய்திக்கு ஒதுக்கப்படும் காலம் 26.67 மில்லிநொடி மட்டுமே என்பதால், அசையும் தொடுமுனை கொண்டு சில மில்லிநொடிகள் எடுத்துக்கொள்ளும் ரிலே சுவிட்சைவிட, அசையும் பாகமின்றி மைக்ரோநொடிகளில் மாறும் டயோடு சுவிட்சே இங்கு ஏற்றது. யாரும் ஒலிபரப்பாத நேரத்தில், ஆன்டெனாவிலிருந்து வரும் சிக்னல் இரு கருவிகளுக்கும் பிரிகிறது. சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதி ஆற்றல்தான், அதாவது 3 டெசிபெல் இழப்பு. அதை உள்ளிருக்கும் பெருக்கி ஈடுசெய்கிறது. ‘இழப்பற்றது’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிடப்படுவது இந்தப் பெறும் பாதையைப் பற்றியே. பேசும் பாதையில் ஒரு டெசிபெல் இழந்தாலும் 25 வாட் 20 வாட்டாகக் குறையும். அந்த எண்ணை விவரப் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும்.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஏ.ஐ.எஸ். பெறுவதற்கு மட்டுமா, அனுப்பவும் செய்யுமா என்பதுதான். பெறுவதற்கு மட்டுமான ஸ்பிளிட்டரில் அனுப்பும் கருவியை இணைத்தால், அதன் 2 வாட் அல்லது 5 வாட் ஆற்றல் பெருக்கியின் வெளிவாய் வழியே புகுந்து அதை எரித்துவிடும். சிறு படகுகளுக்கான பி வகை ஏ.ஐ.எஸ். கருவி, படகு 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகத்துக்கு மேல் செல்லும்போது 30 நொடிக்கு ஒருமுறை தன் இடத்தை அறிவிக்கிறது. நீங்கள் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தால் ஓர் அறிவிப்பு தவறிப்போகும். 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் அந்த 30 நொடியில் 230 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. பேச்சைச் சுருக்கிக்கொள்ள இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. வானொலி பேசும்போது ஏ.ஐ.எஸ். அனுப்ப முயன்றால் அதன் ஆற்றலை ஏற்றுக்கொள்ள ஒரு மின்தடை உள்ளே இருப்பது நல்லது; இல்லையெனில் ஆன்டெனா பழுது என்று கருவி அலறும்.

இத்தனையும் பார்த்து வாங்கியபின், பாய்மரத்துக்குள் இருபது மீட்டர் மெல்லிய ஆர்.ஜி-58 கேபிளை ஓடவிட்டால், அதிலேயே 4 டெசிபெல் போய்விடும். தடித்த ஆர்.ஜி-213 போட்டால் அதில் பாதியளவே இழப்பு. ஸ்பிளிட்டரைக் குறைகூறுவதற்கு முன் கேபிளையும், உப்புக்காற்றில் பச்சை பூத்த இணைப்பிகளையும் பார்ப்பது முறை.

ஏ.ஐ.எஸ்.ஸின் ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கு இதில் இடமில்லை. அது 1575 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதால் தனியே வேண்டும்.

கடைசியாக, படகின் 12 வோல்ட் மின்சாரம் ஸ்பிளிட்டருக்கு வராமல் போனால் வானொலிப் பாதை தானாகவே ஆன்டெனாவுடன் இணைந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் நிற்கும்போதே ஸ்பிளிட்டரின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பக்கத்துப் படகுடன் ஒரு வாட்டில் பேசிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். பாய்மரமே முறிந்து விழுந்தால் இரண்டு கருவிகளும் ஒருசேர ஊமையாகும் என்பதால், பின்புறக் கம்பியில் மாட்டக்கூடிய சிறிய ஆன்டெனா ஒன்றை, ஸ்பிளிட்டரைத் தவிர்த்து வானொலியில் நேரே செருகும் அளவுக்கு நீளமான கேபிளுடன், பெட்டியில் வைத்திருப்பவர்கள் உண்டு.